பிள்ளைக்கு எந்த விக் வாங்குவது? சிந்தெடிக்கா, ஒரிஜினல் முடியா, தொப்பியே போதுமா?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தையல் கடைக்கு ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் நடுவே அவ்வப்போது விக்கும் வரும். ஆன்லைனில் வாங்கியிருப்பார்கள், பிள்ளையின் தலையில் நிற்காது. "கொஞ்சம் குறுக்கிக் கொடுங்கக்கா" என்று துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். குறுக்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் வருகிற பெற்றோர் எல்லாரும் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "ஒரிஜினல் முடியே வாங்கியிருக்கணுமோ?"

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்து வெயிலுக்கும் உப்புத் தண்ணிக்கும் பள்ளிக்கூடத்து ஓட்டத்துக்கும், முதல் விக்காக நீளமான ஒரிஜினல் முடி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. கழுத்தளவில் லேசான சிந்தெடிக் விக் ஒன்று, கூடவே நல்ல காட்டன் தொப்பி இரண்டு மூன்று. இதில் தொடங்குங்கள். பிள்ளை அதைத் தினமும் போட்டுக்கொள்கிறாளா, பீரோவில் தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய பணத்தை எடுக்கலாம். இது பொருந்தாத வீடுகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

## முதலில் தோல் டாக்டர்

முடி ஏன் போனது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். எத்தனை மாதத்துக்குத் தேவை என்பதே காரணத்தைப் பொறுத்தது.

தோல் வழவழவென்று, காசு அளவில் வட்டமாக முடி போயிருந்தால் பெரும்பாலும் புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது. சில இடங்களில் மட்டும் போயிருந்தால் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைத்துவிடும். சிலருக்குத் தலை முழுக்கப் போய், புருவமும் போய், வருடக்கணக்கில் நீடிக்கும்.

செதில் செதிலாக உதிர்ந்து, அரித்து, முடி பாதியில் முறிந்திருந்தால் அது படையாக இருக்கலாம். பூஞ்சையால் வருவது, சீப்பு, தொப்பி வழியாக ஒட்டும். களிம்பு மட்டும் போதாது, டாக்டர் வாரக்கணக்கில் மருந்து சாப்பிடச் சொல்வார். அது ஆறும்வரை விக் கூடவே கூடாது. டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்படாதீர்கள், சில மாதங்களில் வந்துவிடும். அதற்கு விக் வாங்க அவசரப்பட வேண்டாம். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை ஆரம்பித்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடி உதிரும், சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வரும். தீக்காயத் தழும்பில் மட்டும் வராது.

ஆயா சொன்னார் என்று சின்ன வெங்காயத்தை உப்போடு வைத்துத் தேய்த்து, தோல் சிவந்து கொப்பளித்த தலைகளையும் பார்த்திருக்கிறேன். புண் இருக்கும் தலையில் எந்த விக்கும் உட்காராது.

## எதையெல்லாம் பார்ப்பது

கடைக்காரர் முடியின் தரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார். பிள்ளைக்கு அது நாலாவது, ஐந்தாவது விஷயம்.

எத்தனை நாள் தேவை என்பது முதலாவது. அடுத்தது வெயில்: ஏப்ரலில் இருந்து கத்திரி முடியும்வரை, மின்விசிறி மட்டும் சுற்றும் வகுப்பறையில் ஆறேழு மணி நேரம் தலையில் வைத்திருக்க முடியுமா? அப்புறம் பள்ளிக்கூடம். பெண் பிள்ளையென்றால் இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டியாக வேண்டிய பள்ளிகள் இங்கே நிறைய. இந்த ஒரு விஷயத்தில்தான் பல ஆயிரம் ரூபாய் விக்குகள் தோற்றுப்போகின்றன. நான்காவது, பிடிமானம். பிள்ளைகளுக்கு உள்ளூர இருக்கும் பயம் அழகைப் பற்றியது அல்ல, "யாராவது இழுத்துட்டா?" என்பதுதான். கடைசியாகப் பணம். அதை மொத்த விலையாகப் பார்க்காமல் மாதக் கணக்காகப் போடுங்கள். உதாரணத்துக்கு, 3,000 ரூபாய் விக் 5 மாதம் உழைத்தால் மாதம் 600. 18,000 ரூபாய் விக் 15 மாதம் உழைத்தால் மாதம் 1,200. ஒரு வருடத்தில் முடி முளைத்துவிட்டால் இரண்டாவது கணக்கு இன்னும் மோசமாகும்.

| வகை | வெயிலில் | இரட்டைச் சடை | தினமும் போட்டால் உழைப்பு | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| மொட்டை, தொப்பி, ஸ்கார்ஃப் | சுகம் | கேள்வியே இல்லை | துவைக்கத் துவைக்க | கிட்டத்தட்ட இல்லை | சின்னப் பிள்ளைகள், பையன்கள், கீமோ நேரம் |
| தொப்பியில் தைத்த முடி | பரவாயில்லை | நன்றாக வரும் | பல மாதம் | தையல் கூலி, பள்ளி அனுமதி | சடை வேண்டும், வேர்வை கூடாது என்பவர்கள் |
| சிந்தெடிக் விக் | கொஞ்சம் கஷ்டம் | பின் வகிட்டில் வலை தெரியும் | 4 முதல் 6 மாதம் | மாற்று விக், உள்தொப்பி | முதல் விக் |
| ஒரிஜினல் முடி, ரெடிமேட் | கஷ்டம் | வேலைப்பாட்டைப் பொறுத்தது | ஒரு வருடம், சில சமயம் மேலே | பராமரிப்பு, குறுக்கும் கூலி | நீண்ட கால இழப்பு, பெரிய பிள்ளை |
| அளவெடுத்துச் செய்வது | முடி பதித்த வலையைப் பொறுத்தது | மிக நன்றாக | ஒரு வருடத்துக்கு மேல் | காத்திருக்கும் காலம், தலை வளர்ச்சி | முழுக்க முடி போன, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் |

## விக்கே வேண்டாம் என்றால்

இந்த வழியை யாரும் யோசிப்பதே இல்லை. நம்ம ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை தெருவில் போனால் யாரும் நின்று பார்ப்பதில்லை. "எந்தக் கோயில்ல முடி எறக்கினீங்க?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். திட்டுத்திட்டாக முடி போன தலையை அப்படியே விடுவதைவிட மிச்ச முடியையும் எடுத்துவிட்டால் பார்வைகள் பாதியாகக் குறையும். ஆறேழு வயதுப் பையனுக்கு இதுவே போதும். சின்னப் பையனுக்கு இயல்பாகத் தெரியும் விக் கிடைப்பதும் கஷ்டம். முன்னந்தலை, காதோரம், பிடரி எல்லாம் வெளியே தெரிவதால், குட்டை முடி விக்கில் ஏமாற்ற இடமே இல்லை.

புருவமும் இமையும் போன பிள்ளைக்கு மட்டும் மொட்டைச் சமாதானம் செல்லாது, பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று வயதுக்குள் விக் போடவே வேண்டாம் என்பது என் எண்ணம். பிய்த்து வாயில் போடும். தொப்பிக்கு எம்.சி. ரோட்டில் மெல்லிய காட்டன் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பழைய காட்டன் பனியன் துணி இன்னும் மேல், தையல் மடிப்பு தலையில் உறுத்தாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தால் போதும். தலையில் துப்பட்டா போடும் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நெற்றியில் கொஞ்சம் முன்முடி மட்டும் தெரிந்தால் மீதிப் பிரச்சினை தானே முடிந்துவிடும்.

## தொப்பியில் தைத்த முடி

எனக்குப் பிடித்த வழி இது. உச்சந்தலையில் முடி இருக்காது, துணிதான் இருக்கும். தொப்பியின் உள்விளிம்பில் சுற்றிலும் முடி வரிசையைத் தைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் தொப்பிக்குக் கீழே முடி தொங்குகிறது, உள்ளே காற்று போகிறது. ரெடிமேடாகவும் வருகிறது. வீட்டிலேயே செய்வதென்றால் சவுரி முடி வாங்கி, இரண்டு சடையாகப் பின்னி, காதுக்குப் பின்னால் தொப்பியின் விளிம்பில் கையால் தைத்து, மடித்து ரிப்பன் கட்டிவிடலாம். வகிடு தொப்பிக்குள் மறைந்துவிடுவதால் எந்த விக்கைவிடவும் இதில் சடை நிஜமாகத் தெரியும்.

வகுப்பறையில் தொப்பி போட விடுவார்களா என்பதுதான் ஒரே கேள்வி. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். ஸ்கூல் திறந்த அன்று பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாமல், திறப்பதற்கு முன்னாலேயே. வகுப்பு டீச்சருக்கும், பி.டி. டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து மாதிரி விசேஷங்களில் இந்தத் தொப்பி எடுபடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

## சிந்தெடிக் விக்

விலை சில ஆயிரத்தில் முடிந்துவிடும். கழுவினாலும் ஸ்டைல் கலையாது, அலசி உதறி நிழலில் வைத்தால் பழையபடி நிற்கும். லேசானது. விளையாடி, வேர்த்து, சிக்காகி, ஐந்தாவது மாதம் தூக்கிப் போட்டாலும் மனசு வலிக்காது. பிள்ளைகளுக்கு இது முக்கியம். "பத்திரம், பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கு விக் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. தோளைத் தாண்டிய நீளம் வாங்கினால் யூனிஃபார்ம் காலரில் உரசி உரசி பிடரிப் பக்கம் பஞ்சாகிவிடும். அதனால்தான் கழுத்தளவு என்கிறேன். பளபளப்பு அதிகமாக இருந்தால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி உதறுங்கள், மங்கிவிடும். நிறம் வாங்கும்போது எண் 1 என்று போட்டிருப்பது கருகருவென்ற மைக்கறுப்பு. நம் பிள்ளைகளின் முடி பெரும்பாலும் அதைவிட ஒரு படி மென்மையாக இருக்கும், 1பி கேளுங்கள்.

நெருப்பு விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். சாதாரண சிந்தெடிக் முடி சூட்டில் சுருங்கும், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கேஸ் அடுப்புப் பக்கம், கற்பூர ஆரத்திக்குக் குனியும்போது, சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றும்போது, தீபாவளி மத்தாப்பு பிடிக்கும்போது விக்கைக் கழற்றித் தொப்பி போட்டுவிடுங்கள். ஹேர் டிரையரும் கூடாது.

சடை பற்றி. மெஷினில் தைத்த விக்கின் பின்பக்கம் முடி வரிசை வரிசையாகக் குறுக்கே தைக்கப்பட்டிருக்கும், வரிசைகளுக்கு நடுவே வெறும் வலை. முடியைத் தளர விட்டால் எதுவும் தெரியாது. நடு வகிடெடுத்து இரண்டாகப் பிரித்த உடனே பிடரியில் வலை பல்லிளிக்கும். இதற்கு நாங்கள் செய்வது, வகிடு வரும் இடத்தில் உள்பக்கமாகத் தோல் நிறத்தில் ஒரு விரல் அகல நெட் துணியை வைத்துத் தைத்து, வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் கோணல்மாணலாக எடுப்பது. ஓரளவு மறையும், கிட்டே வந்து பார்த்தால் தெரியும். சடையை இறுக்கிப் பின்னினால் விக் பிடரியில் மேலே ஏறிக்கொள்ளும், தளரத்தான் பின்ன வேண்டும். பின்னிய சடையைத் தினமும் அவிழ்க்காமல் அப்படியே மாட்டி வைத்தால் சிக்கும் குறையும். சடை பின்னும் அளவுக்கு நீளம் வாங்கினால் காலர் பிரச்சினை திரும்ப வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாடகத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் வாடகைக்குக் கிடைக்கிற டோப்பாவைச் சிலர் சமாளிப்புக்கு எடுக்கிறார்கள். வேண்டாம். எத்தனை தலை பார்த்ததோ.

## ஒரிஜினல் முடி

உலகத்துக்கே முடி ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. திருப்பதியில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுவது எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரே தலையில் இருந்து வேரும் நுனியும் மாறாமல் எடுத்து அடுக்கிய முடியைத்தான் ரெமி என்கிறார்கள். இன்னொரு வகை, சீப்பில் வந்த சிக்கு முடி. தெருவில் ஸ்டீல் பாத்திரத்துக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் மாற்றிக்கொண்டு போவார்களே, அது. வேரும் நுனியும் கலந்துகிடப்பதால் சிக்கு விழும். அதை மறைக்க ரசாயனத்தில் முக்கி, மேலே சிலிக்கான் பூசி மினுக்கி விற்பார்கள். நாலு தடவை அலசினால் பூச்சு போய், சிக்குப் பிடித்துவிடும். இரண்டையும் "ஒரிஜினல் ஹியூமன் ஹேர்" என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஒரு கொத்தை இரண்டு விரலில் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள், பிறகு கீழிருந்து மேலே. மேல்நோக்கி உருவும்போது சொரசொரப்பு தெரிந்தால் ரெமியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினால் யோசியுங்கள்.

நல்லதை வாங்கினால் அழகு அழகுதான். வகிடு மாற்றலாம், சீவலாம், சடை பின்னலாம், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது. விலை பத்தாயிரத்துக்கு மேல்தான் தொடங்கும், நீளம் கூடக் கூட ஏறும். பில்லில் வராத செலவு ஒன்று உண்டு, அது உங்கள் நேரம். நிஜ முடியானாலும் வேரில் இருந்து எண்ணெய் வராது, ஈரக் காற்றில் பம்மென்று எழும்பும், கழுவியதும் மறுபடி சீவி அமைக்க வேண்டும். போர் தண்ணியில் அலசினால் முடி விறைத்து மங்கிப்போகும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோ வாட்டரில் அலசுங்கள், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணி என்றாலும் தப்பில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: விக்குக்குத் தேங்காய் எண்ணெய் கிடையாது. பாசத்தில் ஒருநாள் வைத்துவிட்டால் தூசி அப்பி, வலை பிசுபிசுத்து, எடுக்கவே ஆகாது.

பிறருக்குத் தெரியக்கூடாது என்று பிள்ளையே ஆசைப்படுகிற வயதில், முடி சீக்கிரம் வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டால், இந்தப் பணம் சரியான பணம். ஏழெட்டு வயதுக்கு, பெரியவர்கள் ஆசைக்காக வாங்குவதுதான் பீரோவுக்குப் போகிறது.

## அளவெடுத்துச் செய்வது

தலை முழுக்க வழுக்கையான பிள்ளைக்கு ரெடிமேட் விக் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது அச்செடுத்து, வலையில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிந்து செய்கிற விக் கைகொடுக்கும். வகிடு எங்கே எடுத்தாலும் தோல் மாதிரியே தெரியும், இரட்டைச் சடைப் பிரச்சினையே இல்லை. சிலிக்கான் அடித்தளம் போட்டது தலையை உறிஞ்சிப் பிடிக்கும், இழுத்தாலும் வராது. ஆனால் நம்ம மே மாதத்துக்கு அது ஆகாது, உள்ளே வேர்வை வெளியேற வழி இல்லை. வலையில் செய்ததையே கேளுங்கள். செய்து வர வாரங்கள் ஆகும், தலை வளர்ந்தால் திரும்பச் செலவு. புழுவெட்டால் முழுதும் முடி போன, 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இப்போது மாத்திரைச் சிகிச்சையும் வந்திருக்கிறது. ரிட்லெசிடினிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். பக்க விளைவும் விலையும் உள்ள விஷயம்தான், ஆனாலும் பெரிய தொகைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## இலவசமாகக் கிடைப்பது

கீமோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தானமாக வந்த முடியில் செய்த விக்கை இலவசமாகக் கொடுப்பவர்கள் உண்டு. ஸ்டான்லியோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, பிள்ளை சிகிச்சை பெறும் இடத்தில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். பெரும்பாலும் பெரியவர் அளவாக இருக்கும், குறுக்க வேண்டி வரும். வேறொருவர் போட்டதென்றால் கீமோ நேரத்தில் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், அப்போது தொற்று சீக்கிரம் பிடிக்கும்.

## அளவும் பிடிமானமும்

நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் டேப்பை வைத்து, காதுக்கு மேலே போய், பிடரிக் குழிக்குக் கீழே சுற்றி வாருங்கள். பெரியவர்களுக்கான விக் சுமார் 22 இஞ்ச். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுற்றளவு 20 இஞ்ச் வாக்கில் இருக்கும், பத்து வயதுக்கு 21. அந்த ஐந்து வருடத்தில் தலை ஒரு இஞ்ச்தான் வளர்கிறது. அதனால் ஸ்கூல் ஷூ மாதிரி 'வளர்ற பிள்ளை' என்று பெரிதாக வாங்காதீர்கள், சரியான அளவு வாங்கினால் உள்ளே இருக்கும், அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டியே சமாளித்துக்கொள்ளும். முடி உதிர்வதற்கு முன்பு எடுத்த அளவு உதிர்ந்த பிறகு லூசாகும், திரும்ப எடுங்கள்.

குறுக்குவதென்றால் விக்கை உள்பக்கம் திருப்பி, பிடரியில் வலையை மடித்துக் கையால் தைக்க வேண்டும். அரை இஞ்ச் மடித்தால் ஒரு இஞ்ச் குறையும். மெஷினில் கொடுத்தால் முடியைப் பல் கடித்துவிடும். ஒன்றரை இஞ்சுக்கு மேல் குறுக்கினால் காதுக்கு முன்னால் இறங்கும் காதுப் பட்டை பின்னால் போய் முகமே மாறிவிடும். காதுப் பட்டையில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். வெயிலில் சூடேறி, கன்னத்தில் குத்தும். அதை எடுத்துவிட்டுக் காட்டன் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பசை, ஒட்டும் டேப் இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம், மிச்சமிருக்கும் பூனை முடியையும் பிடுங்கிவிடும். கிளிப்பும் அப்படித்தான், முடி கெட்டியாக இருக்கும் தலைக்கு மட்டும். வெல்வெட் பட்டை ஒன்றைத் தலையில் சுற்றி மேலே விக்கைப் போட்டால் நன்றாகப் பிடிக்கும். வேர்வைக்கு உள்ளே மெல்லிய காட்டன் உள்தொப்பி, தினமும் மாற்ற மூன்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய விக்கைக் கவிழ்த்த டப்பா மேல் போட்டு வீட்டுக்குள் நிழலில் காய வையுங்கள். மாடிக் கொடியில் போட்டால் காக்கா பாடு கொண்டாட்டம்.

## வாங்கப் போகும்போது

பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டமில்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஆன்லைனில் என்றால் வாங்குவதற்கு முன்பே திருப்பி எடுப்பார்களா என்று படியுங்கள், போட்டுப் பார்த்த விக்கைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். கடையில் இரண்டு மூன்று விக்கை நீங்கள் பொறுக்கி வையுங்கள், அதில் எது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். போட்டதும் கண்ணாடியைக் காட்டுவதற்கு முன்னால் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள், பத்து எண்ணும்வரை ஸ்கிப்பிங் ஆடுகிற மாதிரி குதிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே சடையைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், அதன் முகத்தில் இருக்கும் பயம் போகிறதா என்று தெரியும். குறைந்தது கால் மணி நேரம் தலையில் இருக்கட்டும், அரிப்பு என்றால் அப்போதே சொல்லிவிடும். போட்டுப் பார்க்க விடமாட்டோம் என்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.